காலிப் பெட்டிக்குப் பயந்தவன்

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நாச்சிமுத்துவுக்கு அந்தக் கேள்வி வந்தது.

ஏணியின் மேலே நின்றவர் அலாரம் மாட்ட ஈரோட்டிலிருந்து வந்தவர். சன்ஷேடுக்குக் கீழே, வாசலைப் பார்த்த சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் தொங்கிய பையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதன் முகத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"இதை உள்ள மாட்டினா ஆகாதுங்களா? வீட்டு முகப்பே கெட்டுப் போகுது" என்றார் நாச்சிமுத்து.

"ஆகாதுங்க. ரோட்டுல போறவன் கண்ணுல படணும். பார்த்ததும் அப்படியே நடையைக் கட்டிடணும். இதோட வேலையே அதுதானுங்க."

"அப்ப கத்தறது?"

"கத்தற வரைக்கும் எங்கீங்க போகுது?" அவர் சிரித்தார். "சில பேரு வெறும் கூட்டை வாங்கி மாட்டிக்கறாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது. விளக்கு மட்டும் மினுக்கும். அதைப் பார்த்தாலும் திருடன் திரும்பிப் போயிடறான்."

உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருவன் திரும்பிப் போகிறான். அப்படியானால் அவனைத் திருப்பி அனுப்புவது எது?

துளை போட்ட தூசி தலையில் விழுவதுகூடத் தெரியாமல் நாச்சிமுத்து மேலே பார்த்துக்கொண்டே நின்றார்.

பூங்கா நகர், கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே வயல்களை அடுத்து எழுந்த புதிய குடியிருப்பு. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நாச்சிமுத்துவும் அவர் மனைவி ஈஸ்வரியும் ஒன்றாக வெளியே போவதையே விட்டுவிட்டார்கள். ஒருவர் கிளம்பினால் மற்றவர் வீட்டுக்குக் காவல்.

தாராபுரத்தில் ஈஸ்வரியின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். பஸ்ஸில் தனியாகப் போனால் ஈஸ்வரிக்குத் தலை சுற்றும். துணைக்கு ஆள் வேண்டும். துணைக்குப் போனால் வீட்டுக்கு யார்? போனில் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குள் போவாள். கழுவின பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள்.

அதற்காகத்தான் அலாரம். மாட்டியாயிற்று. ஆனாலும் ஈஸ்வரி, "மனசு ஒப்பலீங்க" என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து தவமணி அம்மாவைப் பார்க்கப் போனார். அம்மா முன்பு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். இப்போது வாய்க்கால் ஓரத்து வீட்டில் தனியாக இருந்தார். தேடி வந்தவர்களோடு காலையில் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நாச்சிமுத்துவைவிட வயதில் சிறியவர். அது நாச்சிமுத்துவுக்கு ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு நாச்சிமுத்து கேட்டார்.

"அம்மா, உள்ள ஒண்ணுமில்லாத பெட்டிக்குத் திருடன் ஏன் பயப்படறான்?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. புதிதாக ஒரு செடியைப் பார்த்தவர் மாதிரி.

"உங்க வீட்டுது காலிங்களா?"

"இல்லீங்கம்மா. நிஜமானது."

"அது கத்தறதைக் கேட்டிருக்கீங்களா?"

"அதுக்கு இன்னும் அவசியம் வரலீங்க."

"நான் வந்து பார்க்கலாமுங்களா?"

பூட்டு, காவல் எல்லாம் மாயை என்று அம்மா சொல்வார் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்திருந்தார். அம்மாவோ தன் வீட்டுக் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அவரோடு கிளம்பினார்.

பூங்கா நகருக்கு வந்ததும் அம்மா வீட்டுக்குள் போகவில்லை. ரோட்டிலேயே நின்று பெட்டியை அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் நடந்து போய்த் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார். ஈஸ்வரி வாசலுக்கு வந்து, என்ன ஏது என்று புரியாமல் நின்றாள்.

"இப்ப நான்தான் திருடன்னு வச்சுக்குங்க. இதைப் பார்த்துட்டு நான் ஏன் போகணும்?" என்றார் அம்மா.

"தொட்டா கத்துமுங்களே."

"கத்தட்டும். சத்தம் என்னைப் பிடிச்சுக்குமா?"

"ஆளுங்க வந்துருவாங்க."

"யாரு?"

நாச்சிமுத்து கையை வீசித் தெரு முழுவதையும் காட்டினார்.

"பார்த்துடலாமுங்களா?" என்றார் அம்மா.

நாச்சிமுத்து முன்வாசலைப் பூட்டி, சாவிக்கொத்தில் தொங்கிய ரிமோட்டை அமுக்கி அலாரத்தை இயக்கினார். அவரும் ஈஸ்வரியும் எதிரே இருந்த காலி மனையில் புங்கமரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள். அம்மா சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் தள்ளினார்.

பெட்டி வீறிட்டது. மரத்திலிருந்த மைனாக்கள் எழும்பிப் பறந்தன. ஈஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா நிதானமாக நடந்து வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மீதித் துணியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். எங்கோ ஒரு ஜன்னல் மூடியது. இன்னொன்றும் மூடியது. ஒரு வீட்டில் டிவியின் சத்தம் ஏறியது.

மற்றபடி வெயில்தான் தெருவில் நின்றது.

நாச்சிமுத்து பொறுக்க முடியாமல் ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"பார்த்தீங்களாம்மா? பட்டப்பகல்ல! ஒரு ஆளு எட்டிப் பார்க்கலை. இவங்கெல்லாம் மனுசங்களா?"

"மாடியில துணி காயப்போட்டாங்களே, அவங்க பேரு என்னங்க?"

நாச்சிமுத்து ஈஸ்வரியைப் பார்த்தார்.

"தெரியலீங்கம்மா. நாங்க குடி வந்தப்பத்தான் அவங்களும் வந்தாங்க" என்றாள் ஈஸ்வரி.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஈஸ்வரி தவமணி அம்மாவுக்குக் காபி கொடுத்தாள். நாச்சிமுத்துவின் டம்ளரை எடுத்து வரும்போது பின்பக்கத்திலிருந்து வேறொரு சைரன் அலறத் தொடங்கியது.

ஈஸ்வரி நின்றாள். ஒரு கையில் டம்ளரைப் பிடித்தபடி மறு கையை நீட்டி ஜன்னல் கதவை இழுத்தாள். தினமும் விளக்கைப் போடுகிறவள் மாதிரி, பார்க்காமலே இழுத்தாள்.

கதவு பாதி மூடியது. அவள் தன் கையைப் பார்த்தாள்.

அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பின்னாடி வீட்டுல கத்துது" என்றாள் ஈஸ்வரி.

"அது எப்பவும் கத்தறதுதானே. பூனை கீனை போயிருக்கும்."

"பார்த்துட்டு வந்தர்றேன்."

டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வாசலில் கிடந்த கணவனின் செருப்பையே மாட்டிக்கொண்டு அவள் விடுவிடுவென்று போனாள்.

சைரன் நிற்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு உட்கார முடியவில்லை. பூனை இல்லாமல் போனால்? உள்ளே நிஜமாகவே ஒருவன் இருந்தால்? ஈஸ்வரி எதிரே போய் நின்றால் அவன் என்ன செய்வான்? எழுந்தார். செருப்பைத் தேடினார். காணவில்லை. வெறுங்காலோடு சுடுமண்ணில் ஓடினார்.

பின்வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கையிலிருந்த ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அமுக்கினாள். அதில் பாட்டரி தீர்ந்திருந்தது. அவளுடைய குழந்தை இப்போது ஈஸ்வரியின் தோளில் கிடந்து சைரனுக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது.

"உள்ள சுவத்துல நம்பர் போடற பலகை இருக்குமே, எங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

அவள் காட்டினாள். பதற்றத்தில் எண்ணைத் தப்பாக அமுக்கினாள். "மெதுவா போடு கண்ணு" என்றார். மறுபடியும் போட்டாள். சத்தம் நின்றது.

நின்ற பிறகுதான் அவள் அழுதாள்.

"அவரு திருப்பூர்ல வேலைங்க. ஞாயித்துக்கிழமையும் ராத்திரிதான் வருவாரு. குழந்தை கதவை இழுத்தாலே இது கத்திருது. எத்தனையோ தடவை கத்தியிருக்குதுங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாருமே வந்ததில்லைங்க."

நாச்சிமுத்து தன் வெறுங்காலைப் பார்த்தபடி நின்றார்.

அவர்கள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. குழந்தை ஈஸ்வரியின் தோளிலேயே தூங்கிவிட்டதால் இறக்கிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. வந்து பார்த்தால் அம்மா அதே நாற்காலியில் இருந்தார்.

"அந்தப் புள்ள பேரு கௌசல்யாங்கம்மா. பவானிப் பக்கம்" என்றாள் ஈஸ்வரி மூச்சு வாங்க. பிறகு கணவனிடம் திரும்பினாள். "ஏனுங்க, நம்ம பெட்டி கத்தினா வந்து பார்க்கறேன்னு அந்தப் புள்ள சொல்லுது. போன் நம்பரும் வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில தாராபுரம் போயிட்டு வந்தரலாமுங்களா? ரெண்டு பேருமா?"

"போலாம்" என்றார் நாச்சிமுத்து.

ஈஸ்வரி உடனே போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். "அம்மா, நாளைக்கு வர்றேன்" என்ற குரல் மட்டும் வெளியே கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

சாயங்காலம் தவமணி அம்மாவை பஸ் ஏற்றிவிட நாச்சிமுத்து கூடவே நடந்தார். தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு சிவப்பு விளக்குகள் மினுக்கத் தொடங்கியிருந்தன. அவற்றில் எது நிஜம், எது காலி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தெருமுனைக்கு வந்ததும் அவர் நின்றார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலீங்க. வெறும் கூட்டைப் பார்த்துட்டுத் திருடன் ஏன் திரும்பிப் போறான்?"

அம்மா தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"கத்தினா நீங்கெல்லாம் ஓடி வருவீங்கன்னு நினைச்சுக்கறானுங்க."

நாச்சிமுத்துவும் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தெருவுல இத்தனை நாளா உங்களை நம்பினது அவன் ஒருத்தன்தான்" என்றார் அம்மா.