ஐந்தாவது மூலை

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது சிரமம். எட்டுக் கிலோ சீலா மீனுடன் ஒரு பெண் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் நிற்கிறாள். பெயர் பிரகாசி. மீனை வாங்கிக்கொள்ள உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டியதோ ஒருவருக்கு.

நடந்தது இதுதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டி இருக்கிறது அந்தச் சின்ன ஆராய்ச்சிக்கூடம். செயற்கைக்கோள் ஒன்று மேலேயிருந்து ரேடியோ அலைகளை அனுப்பி, தரையிலும் கடலிலும் பட்டுத் திரும்புவதைப் படமாக்கும். அந்தப் படம் சரிதானா என்று சோதிப்பது இங்குள்ளவர்களின் வேலை. அதற்காக உப்பளத்தில் நான்கு ‘மூலை’களை நிறுத்தியிருந்தார்கள். மூன்று அலுமினியத் தகடுகளை அறையின் மூலைபோலச் சேர்த்துவிட்டால், வந்த அலையை வந்த திசைக்கே அது திருப்பி அனுப்பும். படத்தில் ஒவ்வொரு மூலையும் ஊசியால் குத்தியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி.

மூலைகளைச் செய்தவர் பட்டறையில் வேலை பார்க்கும் கசாலி பாய். அவருடைய இரும்பு ஸ்கேலின் நுனி தேய்ந்தது. ஆகவே எப்போதும் பத்து சென்டிமீட்டர் கோட்டிலிருந்துதான் அளப்பார். கடைசியில் அந்தப் பத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார். முதலில் செய்த ஒரு மூலைக்கு மட்டும் சேர்க்க மறந்துவிட்டார். அறுபது சென்டிமீட்டர் இருக்கவேண்டிய தகடுகள் மூன்றும் ஐம்பதாகிப் போயின. கோணத்தில் குறை இல்லை; அளவுதான் குறைவு. மற்ற நான்கோடு சேராது என்று பொறியாளர் வைகுண்டம் அதை ஒதுக்கினார்.

கழிவுக் கொட்டகைக்குப் போயிருக்கவேண்டிய சாமான் அது. கூடத்துக்கு மீன் கொண்டுவரும் தொம்மை, பிரகாசியின் கணவன், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“சார், படகுல காத்து அடுப்பை எரியவே விடமாட்டேங்குது. இது அடுப்புக்குன்னே அடிச்ச மறைப்பு மாதிரில்லா இருக்கு?”

விதிப்படி கொடுக்கக் கூடாது. “கொண்டு போடே, யாருகிட்டயும் சொல்லாத” என்றார் வைகுண்டம்.

இரண்டு மாதம் கழித்துத் தொம்மையின் படகு எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டுப் போனது. தேடியவர்கள் தெற்கே தேடினார்கள். இரண்டாம் நாள் பிரகாசி மாதா கோயிலில் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். ‘அவரு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்கு, அவரு திரும்பக் கடலுக்குப் போயி முதல்ல படுற சீலாவை வெட்டாம முழுசாக் கொடுப்பேன். அதைக் கொடுத்து முடிக்காம அடுத்த தடவை கடலுக்கு அனுப்பமாட்டேன்.’

படகில் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. தொம்மை அடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டான். தகடு மட்டும் வானத்தைப் பார்த்து வெறுமனே கிடந்தது.

மூன்றாம் நாள் காலை செயற்கைக்கோள் படம் வந்தது. உப்பளத்துப் புள்ளிகளை அளப்பதும், கடலில் தெரியும் வேண்டாத புள்ளிகளை அழித்துவிடுவதும் தமயந்தியின் வேலை. கடலில் ஒரு புள்ளி இருந்தது. கப்பல் என்றால் நீளமாகத் தெரியும். இது ஒற்றைக் குத்து. உப்பளத்துப் புள்ளிகளைப் போலவேதான், ஆனால் ஒளி ஏறக்குறைய பாதி. அறுபதை ஐம்பதாக்கினால் ஒளி எவ்வளவு குறையும் என்று போட்டுப் பார்த்தாள். பாதிதான் வந்தது.

“சார், நீங்க ஒதுக்கின அந்த அஞ்சாவது மூலை எங்கே இருக்கு?”

அடுப்பு மறைப்புக்காகத் தொம்மைக்குக் கொடுத்ததை வைகுண்டம் ஒப்புக்கொண்டார். தமயந்தி உடனே போனை எடுத்தாள்.

தேடுதல் கட்டுப்பாட்டு அறையில் இருந்த அதிகாரி போனில் கேட்டார்: “அடுப்புத் தகரத்தை நம்பிக் கப்பலைக் கிழக்கே திருப்பணுங்கிறீங்களாம்மா?”

“தப்பாப் போச்சுன்னா என் பேரை எழுதிக்கோங்க சார்.”

கப்பல் திரும்பியது. மாலையில் தொம்மை உயிரோடு கிடைத்தான், படகும் கிடைத்தது.

எஞ்சினைச் சரிசெய்து மறுபடி கடலுக்குப் போனவனுக்கு முதலில் பட்ட சீலாவோடு இப்போது வாசலில் பிரகாசி. ஐஸ் கரைந்து சேலையில் சொட்டுகிறது.

“எனக்கெதுக்கும்மா?” என்றார் கசாலி. “அந்தத் தகட்டுக்குத் திட்டு வாங்கினவன் நான். தப்புக்கு மீனா?”

“நான் குப்பையைத்தானே கொடுத்தேன்” என்றார் வைகுண்டம்.

“பாய் சரியா வெட்டியிருந்தா, சார் விதிப்படி நடந்திருந்தா, எனக்குப் புள்ளியே கிடைச்சிருக்காது. அதோட நான் மீன் சாப்பிடமாட்டேன்க்கா” என்றாள் தமயந்தி.

“அப்போ மூணாப் பங்கு வச்சிருவோம்” என்றார் கசாலி.

“உம்ம அளக்கவிட்டா ஆளுக்குப் பத்து சென்டிமீட்டர் குறையும் வே” என்றார் வைகுண்டம். பிரகாசிகூடச் சிரித்துவிட்டாள்.

“வெட்டாமத் தாரேன்னு மாதாகிட்டச் சொல்லிட்டேன்லா பாய். மீன் கெட்டுப்போயிரும். நாளைக்கு அவரு கடலுக்குப் போகணும். யாராவது ஒருத்தர் கை நீட்டுங்க.”

மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் தொம்மை இல்லை. அப்படியானால், பிரகாசி மீனை யார் கையில் கொடுக்க வேண்டும்?

விடை: தமயந்தியின் கையில். மூவரும் இல்லாமல் முடியாது என்பது உண்மை. ஆகவே அதை வைத்துத் தீர்க்க முடியாது. கசாலி தெரியாமல் செய்தார். வைகுண்டம் விதியை மீறியது அடுப்புக்காக. இருவர் செயலும் நேர்ச்சைக்கு முன்பே முடிந்தவை. கடலில் இருப்பது ஓர் ஆள் என்று எண்ணி, அழிக்கவேண்டிய புள்ளியை அழிக்காமல், தன் பெயரைப் பணயம் வைத்து இடம் சொன்னவள் அவள் ஒருத்திதான். சாப்பிடமாட்டாளே என்றால், நேர்ச்சை கொடுப்பதோடு முடிகிறது. சாப்பிடவேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. பிரகாசி அப்படித்தான் செய்தாள். கனம் தாங்காமல் தமயந்தி இரண்டு கையாலும் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மதியம் கூடத்தில் எல்லோருக்கும் சீலாக் குழம்பு, அவளுக்கு மட்டும் தயிர்ச்சாதம். மறுநாள் விடியலில் தொம்மை கடலுக்குப் போனான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகைத் தள்ளிவிட்டவள் பிரகாசி.