குற்றாலிங்கத்துக்கு ஏற்ற சத்தம்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. விடையும் அதற்குக் கீழேயே இருக்கிறது. முதலில் விடையைப் படித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்கிற ஆள் எல்லா வீட்டிலும் உண்டு. உங்கள் வீட்டில் அது நீங்களாக இருக்க வேண்டாம்.

தென்காசியில் குற்றாலிங்கம் என்று ஒருவர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாலாம் வருஷம் கண் நரம்பு பழுதாகி, இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பாவம், அதற்குப் பிறகு அவருடைய நாளில் ருசி என்று மிஞ்சியது அரை மணி நேரம்தான். சாயங்காலம் ஏழரைக்கு வரும் சீரியல்.

நம் சீரியல்களின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒருத்தி ஒரு வார்த்தை சொல்வாள். உடனே கூடத்தில் நிற்கும் ஏழு பேர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டுவார்கள். முகத்துக்கு ஒரு 'டமால்'. பேச்சு ஐந்து நிமிஷம், டமால் பதினைந்து நிமிஷம். குற்றாலிங்கத்தின் மனைவி உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமியா முறைக்கா... சின்னவ சாவியை இடுப்புல சொருகுதா" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே பார்ப்பாள். அது அவள் பழக்கம். வாய் சும்மா இருக்காது என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

தீபாவளிக்கு முன்னால் பழைய டிவி மண்டையைப் போட்டது. புதிதாகச் சுவரோடு ஒட்டிய தட்டை டிவி வந்தது. படம் பளபளவென்று இருந்தது. அதனால் அவருக்கு என்ன லாபம்? பேச்சோ தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. பேச்சு புரியட்டும் என்று சத்தத்தை நாற்பதுக்கு ஏற்றினால் டமால் கூரையைத் தூக்கியது. அந்த மாதம் உலகம்மாளுக்கு இரண்டு தடவை தொண்டை கட்டிக்கொண்டது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகுக் கஷாயம் குடித்தாள். குற்றாலிங்கம் ஏழே முக்காலுக்கே எழுந்து படுக்கப் போனார். ஒருநாள், "கேபிளை வெட்டிருங்க. எனக்கு டிவி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த அரை மணி நேரமும் போனால் அவருக்கு மிச்சம் சாப்பாடும் தூக்கமும்தான்.

பிள்ளைகள் மூவரும் பதறிப்போய்ப் பொங்கலுக்கு ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். மூத்தவன் நெல்லையப்பன் கொண்டுவந்தது டிவிக்குக் கீழே வைக்கிற, ஓர் ஆள் நீள சவுண்ட்பார். கூடவே தரையில் வைத்து அதிரவிடுவதற்குத் தனிப் பெட்டி. இளையவன் குமரேசன் சவுண்ட்பாரே வேண்டாம் என்று, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் வாங்கியிருந்தான். நடுப்பிள்ளை சங்கரி வாங்கியது ஒரு முழ நீள சவுண்ட்பார். பேச்சை மட்டும் எடுத்துக்காட்ட அதன் ரிமோட்டில் ஒரு பட்டன் இருந்தது.

"ஒண்ணு போதும்ல. நாளுக்கு ஒண்ணாப் போடுங்க. நாலாம் நாள் சொல்லுதேன்" என்றார் குற்றாலிங்கம்.

முதல் நாள் மூத்தவனுடையது. அடேயப்பா! அலமாரியில் இருந்த டம்ளர் நகர்ந்தது. உலகம்மாள் இரண்டு தடவை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பாதியில் குற்றாலிங்கம், "ஏல, படம் நின்னுபோச்சா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் ஜோராக முறைத்துக்கொண்டிருந்தாள். "ஓடுதேப்பா!" என்றான் நெல்லையப்பன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார்.

இரண்டாம் நாள் ஹெட்போன். வளையல் சத்தம்கூடக் கேட்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரையும் போல உரக்க, "இப்ப என்ன செய்தா?" என்றார். உலகம்மாள் பதில் சொன்னாள். அவர் மறுபடியும் அதையே கேட்டார். அப்புறம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சங்கரியுடையது. "இது என்ன, பள்ளிக்கூட ஸ்கேலா?" என்று அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். குற்றாலிங்கம், "கொறை" என்றார். இருபது. "இன்னும் கொறை." பதினைந்து. எட்டுக்கு வந்த பிறகுதான் "போதும்" என்றார். "எட்டுல வச்சுக் கேக்கதுக்கு எதுக்குப்பா சவுண்ட்பார்?" என்று நெல்லையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். எட்டு மணி அடித்த பிறகும் கிழவர் எழுந்திருக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் மூவரும் காரணத்தோடு வந்து நின்றார்கள். "கண் இல்லாதவருக்குச் சத்தம்தான் படம், அது முழுசா வேணும்" என்றான் மூத்தவன். "ஒரு சத்தமும் தப்பக் கூடாது, நேரே காதுக்குப் போகணும்" என்றான் இளையவன். "நடிக்கிறவங்க பேச்சு தெளிவாக் கேட்டாப் போதும்" என்றாள் சங்கரி.

குற்றாலிங்கம் வைத்துக்கொண்டது எதை? மூவரில் யார் சொன்ன காரணம் சரி?

விடை: வைத்துக்கொண்டது சங்கரி வாங்கியதை. ஆனால் காரணம் மூவர் சொன்னதும் இல்லை. குற்றாலிங்கம் இத்தனை நாளும் சீரியல் பார்த்தது உலகம்மாளின் வாய்வழியாக. நாற்பதில் அவள் கத்திக் கத்தித் தொண்டை போனது. அதிர்கிற பெட்டி அவள் வாயை அடைத்தது. ஹெட்போன் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. எட்டிலேயே பேச்சு புரிந்தது, டமாலும் அடங்கியது, அவள் குரலுக்கு இடம் கிடைத்தது. தனக்கே வெற்றி என்று சங்கரி துள்ளினாள். அவர் மறுத்துப் பேசவில்லை. அன்று சாயங்காலம் உலகம்மாள்தான் கேட்டாள், "ஏங்க, அன்னைக்கு ஓடுற படத்தை நின்னுபோச்சுன்னு சொன்னீங்களே?" என்று. "நின்னுதானே போச்சு? நீ வாயை மூடிட்டியே" என்றார் குற்றாலிங்கம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை. "மாமியா முறைக்கா" என்று தொடங்கினாள்.