மயிலுக்காகக் காத்திருந்த கிழங்கு

காட்டுக் குளத்தின் கரையில், மருத மரங்களுக்குக் கீழே, விலங்குகள் காலையிலேயே சந்தை போட்டிருந்தன. கரடி தேனடை விற்றது. கொக்கு நண்டு வறுவல் விற்றது. செங்கம்மா என்ற முள்ளம்பன்றி வள்ளிக்கிழங்கை அவித்து, சூடு ஆறாமல் தேக்கிலையால் மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கே காசு கிடையாது. தினையோ நெல்லிக்காயோ, இருப்பதைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

செங்கம்மாவுக்கு எப்போதும் ஏதாவது கவலை. கவலை வந்தால் அவள் முட்கள் சலசலக்கும். போன சந்தையில் முதல் ஆளாக ஒரு பெருச்சாளி வந்தது. கிழங்கை அமுக்கிப் பார்த்தது, மோந்து பார்த்தது, பேரம் பேசியது, வாங்காமலே போய்விட்டது. அன்றைக்குப் பாதிக் கிழங்கு விற்காமல் ஊசிப்போனது. வீட்டில் குட்டிகள் அரை வயிற்றோடு படுத்தன. அதனால் இன்றைய முதல் வியாபாரம், அந்தப் போணி, ராசியான ஆளிடம்தான் ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

ராசியான ஆள் என்றால் மயில்தான்! மயில் போணி செய்த கடையில் மிச்சமே இருக்காது என்று சந்தை முழுக்கப் பேச்சு.

"மயிலுக்குக் கையே கிடையாது. கைராசி மட்டும் எங்கிருந்து வந்துச்சு?" என்று கொக்கு கேட்டது.

"வாயை மூடுடா நெட்டையா! காதுல விழுந்தா வராமப் போயிடப் போறாரு!" என்று கரடி அதட்டியது.

அப்போது வெள்ளச்சி என்ற முயல் வந்தாள். அவளும் சந்தைக்காரிதான். செங்கம்மாவுக்குப் பக்கத்துக் கடை. பொன்னாங்கண்ணிக் கீரை விற்பாள். குளம் வற்றியதிலிருந்து கீரை வாடிப்போய், வாங்க ஆளில்லை. இன்று அவள் கடை விரிக்கவில்லை. கையில் ஒரே ஒரு கீரைக்கட்டு மட்டும் இருந்தது.

"செங்கம்மாக்கா, ஒரு கிழங்கு குடுங்க. குட்டிக்கு உடம்பு சரியில்லை. எனக்குப் பால் வத்திப்போச்சு. கீரையைக் குடுத்தா வாந்தி எடுக்குது. வெந்த கிழங்கை மசிச்சுக் குடுத்தா இறங்கும்க்கா."

செங்கம்மாவின் முட்கள் சலசலத்தன. "ஐயோ, இன்னும் போணி ஆகலையே வெள்ளச்சி! போணிக்கு முன்னால சும்மா குடுத்தா நாள் முழுக்கச் சும்மாவே போயிடுமே!"

"சும்மா வேண்டாம்க்கா. இந்தாங்க, இந்தக் கட்டை வெச்சுக்குங்க. போணி ஆன மாதிரியும் இருக்கும்."

செங்கம்மா கீரையைப் பார்த்தாள். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. "வாடின கீரையிலயா போணி பண்ணச் சொல்றே? வியாபாரமும் வாடிப்போகாதா? கோவிச்சுக்காதே. மயில் வரட்டும். போணி ஆனதும் பெரிய கிழங்கா நானே எடுத்துத் தர்றேன்."

வெள்ளச்சி கரடியிடம் போனாள். "போணி ஆகலையே அம்மா!" என்றது கரடி. கொக்கிடம் போனாள். "காலங்காத்தால அழுத முகத்தோட முன்னால வந்து நிக்கறியே! தள்ளி நில்லு!" என்றது கொக்கு.

சந்தை முழுக்கச் சாப்பாடு இருந்தது. வெள்ளச்சி கீரைக்கட்டோடு வளைக்குத் திரும்பிப் போனாள்.

மயில் சீக்கிரம் வரவில்லை. வேறு சில விலங்குகள் வந்து விலை கேட்டன. "கொஞ்சம் பொறுங்க!" என்று கடைக்காரர்கள் ஆளாளுக்குத் தட்டிக்கழித்தார்கள். செங்கம்மா இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கிழங்கின் ஆவி குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை ஒரு கிழங்கைக் கையில் எடுத்துவிட்டாள். 'ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா?' என்று நினைத்தாள். 'நான் போன நேரத்தில் மயில் வந்துவிட்டால்?' என்று அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு மயில் தோகையை இழுத்துக்கொண்டு வந்தது.

"என் கடைக்கு வாங்க ஐயா!" என்று கரடி கத்தியது. "இங்கே! இங்கே!" என்று கொக்கு குதித்தது.

மயில் செங்கம்மாவின் முன்னால் நின்றது. "கிழங்கு வெந்திருக்கா?"

"பஞ்சு மாதிரி வெந்திருக்கு ஐயா!"

மயில் தினையைப் போட்டுவிட்டுக் கிழங்கைக் கொத்திக்கொண்டு போனது. தினையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட செங்கம்மா, உடனே பெரிய கிழங்காக ஒன்றை எடுத்தாள். அதை இலையில் சுற்றிக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"வெள்ளச்சி! போணி ஆயிடுச்சு! இந்தா கிழங்கு!"

செங்கம்மா வளைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். வெள்ளச்சி குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, அதன் காதை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குட்டியின் வயிறு அசையவில்லை.

"வெள்ளச்சி... எப்போ?"

"இப்பத்தான்க்கா. வெயில் ஏறினப்போ."

செங்கம்மா கிழங்கை நீட்டியபடியே நின்றாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கடையை யார்க்கா பார்த்துக்கறாங்க? விக்கிற நேரமாச்சே. நீங்க போங்க" என்றாள்.

செங்கம்மா திரும்பி வந்தபோது கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது. மயில் போணி செய்த கிழங்கு என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

"உன் அதிர்ஷ்டம் செங்கம்மா!" என்றது கரடி.

வெள்ளச்சி வாங்கிக்கொள்ளாத அந்த ஒரு கிழங்கு மட்டும் செங்கம்மாவின் கையிலேயே இருந்தது. அதை விற்கவும் மனம் வரவில்லை, தின்னவும் மனம் வரவில்லை.

பசி என்று வந்தவருக்கு நல்ல நேரம் பார்த்துக் கொடுக்க நினைத்தால், நாம் கொடுக்கப் போகும் நேரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.