மூன்றாவது பல்பு

பிலோமினை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அறை வைத்திருந்தார்.

என்னைவிட இருபது வயது சின்னவர். உப்புக் கம்பெனி எடை மேடையில் முப்பது வருஷம் லாரிக்குச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு, வீட்டில் பேச ஆளில்லாத அந்த வருஷத்தில், புத்தகத்தைப் பார்த்து, பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டப் பழகினேன். புத்தகத்தில் இல்லாததை பிலோமின் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் என்று கூப்பிடுவேன். முதலில் கேலிக்கு. பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அன்று நான் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஒரு பள்ளிக்கூடத்தின் நாற்பது கம்ப்யூட்டர்கள். பள்ளி திறப்பதற்குள் கொடுக்க வேண்டும். உள்ளறையில் அவருடைய மாமியார் படுத்த படுக்கை. கணவர் சரக்குத் தோணியில் வேலையாக மாலத்தீவு போயிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி செத்துப்போய் வாறிய?"

"ஜெனோவாவோட கம்ப்யூட்டர்தான், டீச்சர். மறுபடியும் அணைஞ்சு போகுது."

ஜெனோவா என் தெருப் பெண். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். நான் தனியாகப் பூட்டிக் கொடுத்த முதல் கம்ப்யூட்டர் அவளுடையது. சும்மா இருக்கும்போது நன்றாக ஓடும். வெட்டிய படத்தை ஒன்றாகச் சேர்க்கக் கொடுத்தால் பத்தாம் நிமிஷம் அணைந்துவிடும். சனிக்கிழமைக்குள் ஒரு கல்யாணப் படத்தைக் கொடுக்காவிட்டால் ஸ்டுடியோக்காரர் இனி வேலை தரமாட்டார். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிய?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பங்கு வைக்கிற பெட்டி அது. பிலோமின் அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஏற்றி இறக்கினார்.

"முப்பது வருஷம் எடை போட்ட ஆளு. இது கனமே இல்லன்னு கை சொல்லலியா?"

"நானூத்தம்பது வாட்ஸ்னு எழுதியிருக்கு."

"எழுதுததுக்கு என்ன செலவு."

"சோதிச்சுப் பார்த்துதான் போட்டேன் டீச்சர். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தேன். உள்ள இருக்கிற ஃபேன் சுத்துச்சு."

பிலோமின் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தார். அதில் கார் முன்விளக்குப் பல்புகள் மூன்று பூட்டியிருந்தன. அதை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

பிறகு பச்சையையும் கறுப்பையும் கம்பியால் சேர்த்தார். ஃபேன் சுற்றியது.

"சுத்துதா?"

"சுத்துது."

முதல் பல்பை இணைத்தார். எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. ஃபேன் நிற்கவில்லை.

மூன்றாவதை இணைத்தார். மூன்றும் ஒரு கணம் சிவந்து அணைந்தன. ஃபேனும் நின்றது.

உள்ளறையிலிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. "வாறேன் அத்தை," என்று எழுந்து போனார். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. கைகளைத் துடைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் மொத்தம் எவ்வளவு இழுக்கும்? கூட்டிப் பாத்தியளா?"

"முந்நூறு வாட்ஸ் வரும். அப்போ நிஜமான முந்நூறு ஒண்ணு போட்டா போதுமா?"

"பத்து டன் லாரியில தெனமும் பத்து டன் ஏத்துனா என்ன ஆகும்?"

"ஒருநாள் அச்சு முறியும்."

"எந்த நாளு?"

"அது தெரியாது டீச்சர்."

"அன்னைக்கு உங்க எடைச்சீட்டுல என்ன இருக்கும்?"

"பத்து டன்தான். சீட்டு சரியாத்தான் இருக்கும்."

அலமாரியைக் கைகாட்டினார். மேல்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி. வழக்கமாக அவரே ஏறி எடுப்பார். அன்று என்னை எடுக்கச் சொன்னார். கல் மாதிரி கனத்தது. ஐந்நூற்றைம்பது என்று எழுதியிருந்தது. மூன்று பல்பையும் அதில் இணைத்தார். எரிந்துகொண்டே இருந்தன. நாங்கள் இருவரும் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வேர்வை.

"கொண்டுபோய்ப் போடுங்க. சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருவா."

நான் பெட்டியைப் பையில் வைத்தேன். அவர் அடுத்த கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். அது நகரவில்லை. நான் இழுத்து வைத்தேன்.

"இன்னும் எத்தனை இருக்கு டீச்சர்?"

"இருபத்தாறு."

"ஒரு நாள் படுத்து எந்திரிச்சா என்ன?"

"படுத்தா அத்தைய யாரு புரட்டிப் போடுவா. அவுக தோணி வரட்டும்."

கதவருகே நின்று கேட்டேன்.

"உடம்பு ஏதும் சரியில்லையா டீச்சர்?"

திருப்புளியை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஃபேன் சுத்துதுல்லா அண்ணாச்சி."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நல்ல பதில் என்று நினைத்தபடியே படியிறங்கினேன்.

வியாழக்கிழமை விடியற்காலை ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் வந்து சொன்னார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஜெனோவா வெள்ளிக்கிழமையே படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அடக்கத்துக்கு வந்தாள். தோணி வர இன்னும் நாலு நாள் ஆயிற்று.

மீதி இருபத்து மூன்று கம்ப்யூட்டரையும் நான்தான் முடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஒன்பது வருஷமாகிறது. பல்புப் பலகை என்னிடம் இருக்கிறது. மூன்றும் எரிகின்றன.