பேரை ரிப்பேர் பண்ணப் போனவர்கள்

வெள்ளாங்குழி என்று ஓர் ஊர். ஆண்டவன் அறிவை மழையாகப் பொழிந்தபோது அந்த ஊர்க்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். சுத்தப் பொய். வெள்ளாங்குழியில் குடையே கிடையாது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்குப் பஞ்சாயத்து பிரசிடெண்டு தேர்தல் வந்தது. அரிசி மில் ஆவுடையப்பன் பூட்டுச் சின்னத்தில் நின்றார். சைக்கிள் கடை தங்கப்பழம் சீப்புச் சின்னத்தில் நின்றார். தங்கப்பழத்துக்குத் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அதை வைத்துக் கேலி பண்ணலாமே என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆவுடையப்பனின் வலது கை கொம்பையா. மைக் கட்டின ஆட்டோ அவன் பொறுப்பு. பிறந்ததிலிருந்து யாரும் அவன் பேச்சைக் காதில் வாங்கினதில்லை. இப்போது அவன் தும்மினால்கூட நாலு தெருவுக்குக் கேட்டது. அந்த மைக்கைக் கையில் கொடுத்த அண்ணாச்சிக்காக உயிரை விடவும் தயாராக இருந்தான். அவனுக்குத் துணையாக வேலாண்டி, மாசானம் என்று இரண்டு பேர்.

ஒருநாள் தங்கப்பழத்தின் ஆட்கள், "ஆவுடையப்பன் அரிசியில் கல்லைக் கலக்கிறவன்!" என்று மைக்கில் கத்திக்கொண்டே போனார்கள். ஆவுடையப்பன் தாம் தூம் என்று குதித்தார்.

"இனிமே மரியாதை கிடையாது! ஏலே, பொழுது சாயுறதுக்குள்ள அந்தத் தங்கப்பழம் பேரை ரிப்பேர் பண்ணிருங்கல!"

மூவரும் கிளம்பினார்கள். கடைத்தெருச் சுவரில் எழுதியிருந்த தங்கப்பழத்தின் பெயர் மழையில் கரைந்துபோய், 'தங்கப்ப' என்று பாதியில் நின்றது.

"அண்ணாச்சி கண்ணே கண்ணு," என்று கொம்பையா உருகினான். "நெசமாவே ரிப்பேர் பண்ண வேண்டிய நெலமையிலதான் கெடக்கு."

பூட்டு வரைய வாங்கி வைத்திருந்த பெயிண்டைத் திறந்தார்கள். அழிந்துபோன முதல் எழுத்திலேயே சிக்கல்.

"பழத்துக்கு எந்த 'ல' போடணும்?" என்று கேட்டான் வேலாண்டி.

"வாழைப்பழத்துக்கு வர்றது," என்றான் கொம்பையா.

"அதுல ரெண்டு வருதே. முன்னாடி வர்றதா, பின்னாடி வர்றதா?"

மூவரும் சுவரைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் மாசானம் தீர்ப்புச் சொன்னான். "ரெண்டையும் போட்டுருவோம். வேண்டாததை அவரு அழிச்சுக்கிடட்டும்."

மறுநாள் சுவரில் 'தங்கப்பழைழம்' என்று ஆளுயர எழுத்து தகதகவென்று மின்னியது. ஊரே கூடி நின்று எழுத்துக் கூட்டிப் படித்தது.

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "என் பெயிண்டுல அவன் பேரா! நேரா அவன்கிட்டயே போங்கல. நாக்கைப் புடுங்கிக்கிடுத மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்கல!"

தங்கப்பழம் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கொம்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

"உங்ககிட்ட நாலு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாரு அண்ணாச்சி."

"கேளு."

"கேட்டாச்சே. நீங்கதான் குடுக்கணும்."

தங்கப்பழம் பசையைத் துடைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த வார்த்தையா இருந்தாலும் சரியா?"

"நாலு இருந்தாச் சரி."

"அப்ப இந்தா. 'சீப்புச் சின்னத்தில் முத்திரை குத்துங்கள்.'"

கொம்பையா விரல் விட்டு எண்ணினான். நாலுதான். மாசானத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "நாக்கைப் புடுங்கணும்னும் சொன்னாரே?"

"இதைப் போய்ச் சொல்லு. உங்க அண்ணாச்சியே புடுங்கிக்கிடுவாரு."

வாங்கின வார்த்தை வழியில் மறந்துபோனால் அண்ணாச்சி முகத்தில் எப்படி விழிப்பது? கொம்பையா மைக்கை எடுத்து, "சீப்புச் சின்னத்தில் முத்திரை குத்துங்கள்! சீப்புச் சின்னத்தில் முத்திரை குத்துங்கள்!" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எல்லாத் தெருவையும் சுற்றி வந்தால் நன்றாக மனப்பாடம் ஆகும் என்று வேலாண்டி சொன்னதால், எல்லாத் தெருவையும் சுற்றினார்கள்.

தேர்தல் முடிந்தது. ஆவுடையப்பனுக்கு விழுந்த ஓட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

"மண்ணைக் கவ்விட்டேனேல!" என்று மில் வாசலில் உட்கார்ந்து அழுதார்.

கொம்பையாவுக்குப் புரியவில்லை. காலையிலிருந்து கூடவே இருக்கிறான், எப்போது கவ்வினார்? "வாயைத் திறங்க அண்ணாச்சி," என்று உள்ளே எட்டிப் பார்த்தான். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்தான். ஒரு பொட்டு மண் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கப்பழத்தின் வெற்றி ஊர்வலம் மில்லைத் தாண்டியது. அவரைத் தோளில் தூக்கிவந்தவனுக்குச் சனத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். தங்கப்பழம் குப்புற விழுந்து, தூ தூ என்று மண்ணைத் துப்பிக்கொண்டே எழுந்தார்.

கொம்பையா அதைக் கண்ணாரக் கண்டான்.

"தோத்தவன்தானே மண்ணைக் கவ்வுவான்?" என்றான் மெல்ல.

"ஆமா," என்றான் வேலாண்டி.

"யாரு வாயில மண்ணு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் ஆவுடையப்பன் அவர்கள் தோளில் இருந்தார்.

"அத்தாட்சி வாயிலதான் இருக்கு. மூடிராதீங்க அண்ணாச்சி," என்றான் கொம்பையா. ஆவுடையப்பனும் வெள்ளாங்குழிக்காரர்தானே. யோசித்துப் பார்த்தார், நியாயமாகத்தான் பட்டது. ஆவென்று வாயைத் திறந்தபடி, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே ஊர்வலம் போனார். வீட்டுக்கு வீடு நிறுத்தினார்கள். சனம் எட்டிப் பார்த்து, மண் இல்லைதான் என்று ஒப்புக்கொண்டது.

தெருக்கோடியில் தங்கப்பழம் கட்சிக்காரி இசக்கியம்மாள் வழியை மறித்தாள். "கடைவாயில கறுப்பா என்னமோ தெரியுதே, அது மண்ணு இல்லாம என்னவாம்?"

"நல்லாப் பாருங்க," என்றான் கொம்பையா பெருமையாக. "அது அண்ணாச்சியோட சொத்தை."

இசக்கியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சொத்தையா? எல்லாச் சொத்தையும் வேட்புமனுவுல காட்டணும்னு சட்டமாச்சே. இந்தச் சொத்தைக் காட்டுனாரா?"

கூட்டம் மொத்தமும் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தது.  அவன் அண்ணாந்து பார்த்து, ஆவுடையப்பன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணாச்சி, சட்டுன்னு வாயை மூடுங்க. சொத்து வெளிய தெரியுது."