பதினேழாம் நம்பர்

கண்ணை மூடுடி சிட்டு. மூடிட்டியா? நடுநடுவுல "ம்" சொல்லணும். நீ "ம்" சொல்லலைன்னா நான் கதையை அங்கேயே நிறுத்திருவேன், ஆமா.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பஸ்ஸு இருந்துச்சு. சிவப்புக் கலர் பஸ்ஸு. ராஜபாளையத்துலேர்ந்து கிளம்பி, தாஜ்மஹால் வரைக்கும் போயி, இருபத்தோரு நாள்ல திரும்பி வர்ற டூர் பஸ்ஸு. மேல அண்டா, குண்டான், அரிசி மூட்டை, புளி மூட்டை எல்லாம் ஏத்தி, சமையலுக்குச் சீனியம்மான்னு ஒரு அம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போவாங்க. தாஜ்மஹாலே ஆனாலும் நம்மாளுங்களுக்கு ரசம் இல்லாம பாக்க முடியாதுல்ல?

"ம்."

அந்தப் பஸ்ஸுல நாப்பது பேரு. ஒரு அம்மா, அவங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்குப் பதினாலு வயசு. சின்னவளுக்கு ஆறு. அம்மாவுக்குப் பஸ்ஸுன்னாலே குமட்டும், அதனால அவங்க முன் சீட்டு. பொண்ணுங்க ரெண்டும் கடைசி சீட்டு. "தங்கச்சியை உன்னை நம்பித்தான் விடுறேன்"னு அம்மா பெரியவகிட்ட தினம் மூணு வேளை சொல்லுவாங்க. அவளும் தினம் மூணு வேளை தலையை ஆட்டுவா.

மேனேஜர் தெய்வசிகாமணின்னு ஒருத்தர். அவர் ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்திருந்தாரு. ஒவ்வொரு எடமும் பாத்துட்டு வந்து ஏறினதும், அவங்கவங்க நம்பரை அவங்கவங்க கத்தணும். ஒண்ணு! ரெண்டு! மூணு! இப்படி நாப்பது வரைக்கும் வந்தாத்தான் டிரைவர் சாவியைத் திருப்புவாரு. "ஒரு நம்பர் வரலைன்னாலும் வண்டி நகராது. இது சத்தியம்"னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. பெரியவளுக்குப் பதினாறு. சின்னவளுக்குப் பதினேழு. சின்னவளுக்கு அதுல அவ்வளவு பெருமை. பதினாறு வந்ததுமே சீட்டு மேல ஏறி நின்னு, "பதினேழூ!"ன்னு காது கிழியக் கத்துவா.

அப்புறம் ஹம்பிக்குப் போனாங்க. அங்க முழுக்கக் கல்லாலேயே செஞ்ச ஒரு தேர் இருக்கு, சக்கரம்கூடக் கல்லு. எல்லாரும் பாத்துட்டு வந்து ஏறி நம்பர் சொன்னா, நாலுக்கு அப்புறம் சத்தமே இல்ல. அஞ்சாம் நம்பர் தாத்தாவைக் காணோம்! அப்போ தேடு தேடுன்னு தேடினா, அவர் அந்தத் தேர் நிழல்ல துண்டை விரிச்சுப் படுத்து, "கொர்ர்ர்... கொர்ர்ர்..."

"ஹி ஹி."

சிரிச்சா தூக்கம் போயிரும். அப்புறம் பிஜாப்பூர். அங்க கோல்கும்பஸ்னு ஒரு பெரிய கட்டடம், உச்சியில வட்டமா ஒரு மாடம். அங்க நின்னு ஒரு தடவை கத்தினா சுவரு ஏழெட்டுத் தடவை திருப்பிச் சொல்லும். சின்னவ என்ன கத்தினா?

"பதினேழு!"

ஆங். "பதினேழு... னேழு... ழு... ழு..."ன்னு வந்துச்சு. அவளுக்கு அங்கேர்ந்து வரவே மனசில்ல. கையைப் பிடிச்சு இழுத்துட்டுத்தான் வந்தாங்க. அன்னைக்கும் நம்பர்ல குளறுபடி. நாப்பது பேரும் சொல்லிட்டாங்க, ஆனா பஸ்ஸுல நாப்பத்தோரு தலை! பாத்தா, வேற ஒரு சிவப்புப் பஸ்ஸுல வந்த கன்னடக்காரம்மா, இதுதான் நம்ம பஸ்ஸுன்னு ஏறி ஜன்னலோரம் உக்காந்து முறுக்கு சாப்பிட்டுட்டு இருக்காங்க. அதுவும் யாரு முறுக்கு? நம்ம சீனியம்மா சுட்ட முறுக்கு!

முதல்ல ஒண்ணு குறைஞ்சுது. கண்டுபிடிச்சாங்க. அப்புறம் ஒண்ணு கூடுச்சு. அதையும் கண்டுபிடிச்சாங்க. மூணாவது தடவை எண்ணிக்கை சரியா இருந்துச்சு. நாப்பதுக்கு நாப்பது.

"அப்போ சரிதானே பெரியம்மா?"

சரி இல்லடி. அன்னைக்குத்தான் சரியே இல்ல.

பம்பாய்ல கடலுக்கு நடுவுல ஒரு தீவு இருக்கு. லாஞ்சுல, அதான் மோட்டார் படகுல, ஒரு மணி நேரம் போகணும். எலிபெண்டான்னு பேரு. நூறு படிக்கு மேல ஏறிப் போனா மலையைக் குடைஞ்சு குகை, உள்ள மூணு முகத்தோட பெரிய சிவன். அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். பாத்து முடிச்சுட்டு இறங்கி வந்தாங்க. திரும்பறப்போ ரெண்டு லாஞ்சு. முதல் லாஞ்சுல அம்மா ஏறிட்டாங்க. படியோரக் கடையில பெரியவ பாசிமணி பாத்துட்டு நின்னா. சிவப்பா பச்சையான்னு அவளுக்கு அவ்வளவு பெரிய யோசனை. அவ ரெண்டாவது லாஞ்சுல வந்தா. சின்னவ பெரியவளோட இருக்கான்னு அம்மா நெனச்சாங்க. அம்மாவோட போயிட்டான்னு பெரியவ நெனச்சா.

"அய்யோ."

ம். கரைக்கு வந்து பஸ்ஸுல ஏறினா, கடைசி சீட்டுல சின்னவளோட பூப்போட்ட போர்வை. உள்ள குண்டா சுருண்டு கெடக்கு. சரி, முன்னாடியே வந்து தூங்கிட்டா போலன்னு பெரியவ தொட்டுக்கூடப் பாக்கல. பாசிமணியைக் கழுத்துல போட்டுக்கிட்டு, ஜன்னல் கண்ணாடியில முகத்தைப் பாத்துட்டு இருந்தா. அப்போ நம்பர் ஆரம்பிச்சுது. பதினாலு! பதினஞ்சு! "பதினாறு"ன்னு சொன்னா. தூங்கற புள்ளையை எதுக்கு எழுப்பணும்னு, அவளே குரலை மாத்திக் கீச்சுன்னு, "பதினேழு"ன்னும் சொல்லிட்டா. முன் சீட்டுல அம்மா அந்தக் குரலைக் கேட்டுட்டு நிம்மதியா கண்ணை மூடிக்கிட்டாங்க. நாப்பது வந்துச்சு. டர்ர்ர்ருனு பஸ்ஸு கிளம்பிருச்சு.

பத்து நிமிஷம் போயிருக்கும். சீனியம்மா சின்னத் தம்ளர்ல பாலை ஆத்திக்கிட்டே, "எந்திரி தாயி"ன்னு போர்வையை விலக்கினாங்க. உள்ள ரெண்டு பூசணிக்காய். காலையில மார்க்கெட்டுல வாங்கினது. பஸ்ஸுல உருளக்கூடாதுன்னு அவங்களேதான் போர்வையைச் சுத்தி வெச்சிருக்காங்க. "ஐயய்யோ, புள்ளை எங்கடி?"ன்னு சீனியம்மா போட்ட சத்தம் இருக்கே...

"ம்... அப்புறம்?"

கிரீச்சுனு பஸ்ஸு நின்னுச்சு. திருப்பு, திருப்புன்னு திருப்பினாங்க. கரைக்கு ஓடினா பொழுது சாயுது. கடைசி லாஞ்சு போயி வந்தாச்சு. காத்து "ஹோ"ன்னு அடிக்குது, அலை "தபார் தபார்"னு சுவர்ல மோதுது. அங்க ஒரு வயசான லாஞ்சுக்காரர் கயித்தைக் கட்டிட்டு இருந்தாரு. மேனேஜர் தமிழ்ல கத்துறாரு, அவர் மராத்தியில மாட்டேன்னு தலையை ஆட்டுறாரு. அப்போ சீனியம்மா முன்னால போயி அந்தப் பால் தம்ளரை நீட்டினாங்க. தீவைக் காட்டினாங்க. அப்புறம் தன் இடுப்புக்குக் கீழ கையை வெச்சு, இவ்வளவு உசரம்னு காட்டினாங்க. அந்த மனுஷன் தம்ளரைப் பாத்தாரு. கடலைப் பாத்தாரு. கட்டின கயித்தை அவுத்துட்டாரு.

டப டப டப டபன்னு லாஞ்சு போகுது. அதுல அம்மா, மேனேஜர், பெரியவ. அம்மா கையில அந்தப் பாலு, பாதி சிந்திருச்சு. "நான் சரியா எண்ணலையே, பாவி நான் எண்ணலையே"ன்னு மேனேஜர் தலையில தலையில அடிச்சுக்கறாரு. அவர் சரியாத்தான் எண்ணினாரு. அது பெரியவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லணும். ஆனா சொல்லல. கழுத்துல இருந்த பாசிமணியை அத்துக் கடல்ல போட்டா. போட்டு என்ன ஆகப்போகுது?

தீவுக்குப் போனா கடையெல்லாம் சாத்தியாச்சு. ஒரு ஆள் இல்ல. குரங்குங்க மட்டும் படியில வரிசையா உக்காந்து பாக்குது. மேனேஜர் "பாப்பா!"ன்னு கூப்பிட்டாரு. சத்தமில்ல. அம்மா பேரைச் சொல்லிக் கதறினாங்க. காத்து அதைக் கடல் பக்கம் கொண்டு போயிருச்சு. அம்மா அப்படியே முதல் படியில உக்காந்துட்டாங்க. அப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. படியில ஓடிக்கிட்டே கத்தினேன். ஒண்ணு! ரெண்டு! மூணு! மூச்சு வாங்குது, முட்டி பேந்துருச்சு, விடல. பதினாலு! பதினஞ்சு! பதினாறு!

பதினாறு சொல்லிட்டு வாயை இறுக்க மூடிக்கிட்டேன். அந்த ஒரு நிமிஷம் இருக்கே சிட்டு, என் ஆயுசுல அவ்வளவு பெரிய நிமிஷம் வந்ததே இல்ல.

மேலேர்ந்து வந்துச்சு. "பதினேழூ!"

"பெரியம்மா... நீங்க 'நான்'னு சொன்னீங்க."

சொல்லிட்டேனா? சரி, நான்தான். குகை வாசல்ல ஒரு வாட்ச்மேன் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்திருந்தா உங்கம்மா. கையில அவர் குடுத்த பிஸ்கட். குகையும் அந்தப் பிஜாப்பூர்க் கட்டடம் மாதிரி திருப்பிச் சொல்லுதான்னு பாக்க, நான் பாசிமணி பாத்துட்டு நிக்கறப்போ மறுபடி மேல ஓடியிருக்கா. அப்புறம் எங்களைக் காணோம். அந்த ஆள் கீழ கூட்டிட்டுப் போகப் பாத்திருக்காரு, இவ தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரவே இல்லையாம்.

என்னைப் பாத்து என்ன சொன்னா தெரியுமா? "என் நம்பர் வராம பஸ்ஸு கிளம்பாதுல்லக்கா? அதான் நான் அழவே இல்ல"ன்னா.

அவளைத் தூக்கிக்கிட்டு நான்தான் அழுதேன். வண்டியில என்ன நடந்துச்சுன்னு யாரும் என்னைக் கேக்கல. பாவம், மேனேஜர் கடைசி வரைக்கும் தன் தப்புன்னே சொல்லிட்டு இருந்தாரு. உங்கம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உன்கிட்டதான் முதல் தடவையா சொல்றேன். நாளைக்கு அவ வந்ததும் அவகிட்டயும் சொல்லிரணும்.

"தாஜ்மஹால்... எப்படி இருந்துச்சு?"

தெரியாதுடி. வெள்ளையா இருந்துச்சு. நான் உங்கம்மா கையைத்தான் பாத்துட்டு இருந்தேன், பிடிச்சிருக்கேனா பிடிச்சிருக்கேனான்னு.

அதான் ராத்திரி நான் விளக்கை அணைக்கறதுக்கு முன்னாடி உங்க எல்லார் தலையையும் தொட்டுப் பாக்கறது. நீங்க சிரிக்கறீங்க. சிரிச்சுக்கோங்க. என்ன சிட்டு?

சிட்டு? "ம்" சொல்லு.

தூங்கிட்டியா? உனக்குப் பதிலா நான் "ம்" சொல்ல மாட்டேன். கொஞ்சம் போர்வையை விலக்கு, பாக்கறேன். இந்தா, மூக்கு இருக்கு, மூச்சு சூடா வருது. பூசணிக்காய் இல்ல, என் புள்ளைதான்.

பஸ்ஸு ஊர் சேந்துருச்சு, கதையும் சேந்துருச்சு. தூங்கு.