வேப்பிலைப் பூட்டு

மிராசுதார் நடனசபாபதிக்கு வீடும் பெரிசு, வாயும் பெரிசு. ராமேசுவரம் புறப்பட்டவர், வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தொழுவம் கூட்டும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"ஊரெல்லாம் திருட்டு. நான் வரப் பத்து நாளாகும். ஒரு டம்ளர் குறைஞ்சாலும் உனக்கு வேலை போச்சு. உன்னையும் நான் நம்பமாட்டேன். நீ படியேறக் கூடாது, தெரிஞ்சுதா?"

"ஆகட்டுங்கய்யா" என்றாள் அவள்.

அந்தப் பத்து நாளில் அதே தெருவில் மூன்று வீடுகளில் கன்னம் வைத்துத் திருடிவிட்டார்கள். சேதி கேட்டுப் பதறி வந்த மிராசுதார், முதல் படியில் வைத்த காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை! படிக்குக் கீழே மஞ்சள் தண்ணீர்ச் சட்டி!

"ஐயோ மாரியாத்தா! உள்ளே யாருக்குடி அம்மை போட்டிருக்கு?" தெருக்கோடிக்கு ஓடி நின்றுகொண்டு, தொழுவத்திலிருந்து வந்த செங்கமலத்தைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்க பூட்டின வீட்டுக்குள்ள யாருங்கய்யா இருக்கா? திருடன் வராம இருக்க, படியேறாம கீழே நின்னே துரட்டிக் கம்பால நான்தான் மாட்டினேன்."

மிராசுதாருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெறும் வேப்பிலைக்கு எந்தத் திருடன்டி பயப்படுவான்?"

"சாவி வெச்சிருக்கிற நீங்களே தெருக்கோடியில நிக்கிறீங்களேய்யா!"